குளத்தின் மூடி

மெஷின்கள் இரண்டும் டப்பாவுக்குள்தான் இருந்தன. சந்தேகத்துக்கு இரண்டு முறை திறந்து பார்த்துவிட்டார். முந்திரிப் பருப்பு போல வளைந்த இரண்டு காது மெஷின்கள், பேட்டரிக் கதவு திறந்தபடி, பஞ்சின் மேல் சும்மா கிடந்தன. அவை காதில் இல்லாதபோது பக்கத்தில் பாத்திரம் விழுந்தாலும் அவருக்குத் தெரியாது. அச்சகத்தில் முப்பத்தோரு வருடம் ஓடுகிற இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்றதில் காது போய்விட்டது. ஆனாலும் கேட்டது.

டக். டக். டக்.

கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூன்று.

மத்தியான நேரம். சாப்பிட்ட தட்டு மேஜையில் காய்ந்துகொண்டிருந்தது. மேகம் மூடிய குளிர்நாள். கூடத்துக்குள் வந்த வெளிச்சம் நீர் கலந்த பால் மாதிரி எதன் மேலும் நிழல் விழாமல் பரவிக் கிடந்தது. எழுந்து போய்ச் சமையலறைக் குழாயை இறுக்கினார். ஜன்னல் கொண்டிகளை அழுத்திப் பார்த்தார். சுவரில் உள்ளங்கையை வைத்தார். இயந்திரத்தின் கோளாறைக் கையை வைத்தே கண்டுபிடித்தவர் அவர். சுவரில் ஓர் அதிர்வும் இல்லை. கடைசியில் மெஷின்களை எடுத்து மாட்டினார். மெல்லிய ஒரு மணிச்சத்தம், அப்புறம் உலகம் மொத்தமாக உள்ளே வந்தது: ஃப்ரிட்ஜின் முனகல், தெருவில் போகிற ஸ்கூட்டர், காகம், தன் சட்டையே உரசுகிற சத்தம். எல்லாம் இருந்தது. தட்டுகிற சத்தம் மட்டும் இல்லை.

கழற்றினார்.

டக். டக். டக்.

அவருக்குத் தெரிந்த தட்டுதான் அது. அதனால்தான் மறுபடி மாட்டிக்கொண்டவர், அன்று படுக்கையிலும் அவற்றைக் கழற்றவில்லை.

மனைவி போய் ஏழு வாரம் ஆகியிருந்தது.

பின்கட்டில் குளம் வேண்டும் என்று கேட்டது அவள்தான். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்றே கேட்டாள். "இத்தன வருஷம் மையும் காகிதமுமா பாத்தாச்சு. இனிமே கொஞ்சம் தண்ணியப் பாருங்க." ஆள் படுத்தால் தலையும் காலும் தொடுகிற நீளத்துக்குத் தோண்டி, சிமெண்ட் பூசி, நடுவில் நீர்மட்டத்தை ஒட்டி ஒரு தட்டைக் கல் போட்டு, அல்லி வைத்து, கடையிலிருந்து பன்னிரண்டு மீன் வாங்கி விட்டார். அந்த மழைக்காலத்திலேயே வேலிக்கு அப்பால் ஓடுகிற வாய்க்காலிலிருந்து ஓர் ஆமை ஏறி வந்தது. சாப்பாட்டுத் தட்டளவு ஓடு, நனைந்த அட்டைப்பெட்டியின் நிறம். மீன்கள் பன்னிரண்டு ஒன்பதாயின, ஒன்பது நாலாயின. அவர் அதை வாளியில் போட்டு வாய்க்காலில் கொண்டுபோய் விட்டார். மூன்றாம் நாள் கல்மேல் உட்கார்ந்திருந்தது. மறுபடி இன்னும் தூரத்தில் விட்டார். மறுபடி வந்தது.

"அவனும் உங்கள மாதிரிதாங்க," என்று அவள் சிரித்தாள். "எங்க கொண்டுபோய் விட்டாலும் சாப்பாட்டு நேரத்துக்கு வந்துருவான்." கழுத்தை நீட்டி நீட்டி அடுத்தவர் வேலையைப் பார்க்கிறது என்று அதற்கு மேனேஜர் என்று பெயரும் வைத்தாள். அச்சகத்து மேனேஜருக்கும் அதே கழுத்து.

அப்புறம் அவள் பக்கவாதத்தில் விழுந்தாள். பேச்சு போயிற்று. இடது கை மட்டும் மிஞ்சியது. பின்னறையில் ஜன்னலை ஒட்டி இரும்புக் கட்டிலைப் போட்டு, குளம் தெரிகிற மாதிரி தலையணையை உயர்த்திக் கொடுத்தார். ஏதாவது வேண்டுமென்றால் விரலில் இருந்த மோதிரத்தால் கட்டில் கம்பியைத் தட்டுவாள். மூன்று தட்டு. அவர் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவார். தண்ணீரா, துணி மாற்ற வேண்டுமா என்று பார்ப்பார். அவள் கண்ணால் ஜன்னலைக் காட்டுவாள். கல்மேல் மேனேஜர். அவ்வளவுதான். அதைப் பார்க்கத்தான் கூப்பிட்டிருப்பாள்.

"பாத்தேன், பாத்தேன். நேத்து வந்த அதே ஆமைதான்."

ஒரு நாளைக்கு நாற்பது தடவை. ஒன்றரை வருடம். அவர் கெட்டவரில்லை, அவளைக் குளிப்பாட்டினார், ஊட்டினார், ஒரு நாளும் அதட்டியதில்லை. ஒரே ஒரு மத்தியானம், சாப்பிட்டு முடித்துக் கண் சொருகியபோது, பின்னறையிலிருந்து டக் டக் டக் என்று கேட்டது. "ஆமைதானே, இருக்கட்டும்," என்று வாய்விட்டுச் சொன்னார். மெஷின்களைக் கழற்றி டப்பாவில் வைத்தார். அந்த அமைதி எவ்வளவு சுகமாக இருந்தது என்பது இன்றைக்கும் அவர் உடம்புக்கு நினைவிருக்கிறது.

எழுந்தபோது நாலு மணி.

பின்னறையில் அவள் வாய் திறந்திருந்தது. கழுத்து ஜன்னல் பக்கம் நீண்டு, நரம்பு விறைத்து நின்றது. மோதிரக் கை இன்னும் கம்பியின் மேல்தான். கம்பியில் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளை பெயிண்ட் பெயர்ந்து இரும்பு தெரிந்தது. விரிப்பின் மேல் பெயிண்ட் தூள். எவ்வளவு நேரம் தட்டினால் அவ்வளவு உதிரும் என்று இயந்திரம் ஓட்டியவருக்குக் கணக்குத் தெரியாமலா போகும். ஜன்னலுக்கு வெளியே, கல்மேல், ஆமை உட்கார்ந்திருந்தது. அது கழுத்தை முழுக்க வெளியே நீட்டி, அறைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தது.

மகள் வந்து சேர்வதற்குள் விரிப்பை உதறிப் போட்டார். கம்பிமேல் ஒரு துண்டைப் போட்டு மறைத்தார்.

"தூக்கத்துலயே போயிட்டாம்மா. கஷ்டமே படல."

மகள் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். வந்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னாள். கிளம்பும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அது ஒண்ணுதான்பா எனக்கு ஆறுதல்," என்றாள். அவளையும் அவள் இடுப்பில் இருந்த இரண்டு வயதுப் பேத்தியையும் விட்டால் அவருக்கு வேறு மனிதர் இல்லை. அவர்கள் போன மறுநாள் எனாமல் பெயிண்ட் வாங்கி வந்து கட்டில் கம்பிக்கு அடித்தார்.

அதற்கும் அடுத்த வாரம் வெல்டிங்காரரை வரவழைத்தார். பேத்தி தத்தித் தத்தி நடக்கிற குழந்தை, அவள் வருகிறபோது குளம் திறந்து கிடக்கக் கூடாது என்று காரணம் சொன்னார். அது பொய்யும் இல்லை. வெல்டிங்காரர் இரும்புச் சட்டம் செய்து, பலகை இறக்கி, விளிம்போடு விளிம்பாகப் படிகிற மாதிரி அளவெடுத்துக் கொடுத்தார். அடிப்பக்கம் நீரில் ஊறக் கூடாது என்று, மிச்சம் இருந்த வெள்ளை பெயிண்டை அவரே பூசினார்.

"யானை ஏறி நின்னாலும் தாங்கும் சார்," என்று வெல்டிங்காரர் கொண்டியை மாட்டினார். "உள்ள ஆமை கீமை ஒண்ணும் இல்லையே? தண்ணி விளிம்பு வரைக்கும் இருக்கு. அது மூச்சுக்கு மேல வரணும், பாவம்."

அன்று காலைதான் அவர் பார்த்திருந்தார். கல்மேல் இருந்தது. காலடி கேட்டதும் தண்ணீருக்குள் நழுவியது.

"அது எப்பவோ போயிடுச்சுப்பா," என்றார்.

பூட்டு விழுந்தது.

அப்புறம் ஐந்து வாரம் ஒன்றுமில்லை. இப்போதுதான் இது.

மெஷினைக் கழற்றாமலே நாலு நாள் ஓட்டினார். காது மடல் புண்ணாயிற்று. குளிக்கும்போது மட்டும் எடுத்தாக வேண்டியிருந்தது. தலையில் தண்ணீர் விழுகிற சத்தம்கூடக் கேட்காத அந்தச் செவிட்டு வெளிக்குள், தலைக்கு மேலே இருந்து வருவது போல, பலகையின் மறுபக்கத்திலிருந்து வருவது போல, அது நிதானமாகத் தட்டியது. அவசரமே இல்லாமல். கூப்பிட்டால் வருவார் என்று நம்புகிற ஒருவரின் தட்டு. பாதி சோப்புடன் வெளியே ஓடி வந்து ஈரக் காதிலேயே மாட்டிக்கொண்டார். பின்கட்டுக் கதவைத் திறக்கவில்லை. பின்னறைப் பக்கம் போகவில்லை. ஆனால் வீட்டில் ஒரு வாடை சேர்ந்துகொண்டே வந்தது. ஈரச் சிமெண்டும் அழுகின அல்லித் தண்டும், அதற்கு அடியில் புது எனாமல் பெயிண்டும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மகள் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டார்.

"நாளைக்குக் காலைல வந்துடுவோம்பா. இவ இப்பவே செருப்பு மாட்டிட்டு வாசல்ல நிக்கிறா. குளத்துக்கு மூடி போட்டாச்சுல்ல?"

"போட்டாச்சு, போட்டாச்சு. நீ பயப்படாம வா."

"ராத்திரி அம்மா ரூம்லயே படுத்துக்கறோம். அந்தக் கட்டில்ல இவளப் போட்டா ஜன்னல் வழியா வேடிக்க பாப்பா." ஒரு கணம் நிறுத்தினாள். "யாருப்பா தட்றது?"

அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஃப்ரிட்ஜ் முனகியது. காகம்.

"யாரும் இல்லியே."

"இல்லப்பா, நல்லாக் கேக்குது. மூணு மூணாத் தட்றாங்க." அவள் குரல் இறங்கியது. "அம்மா தட்ற மாதிரியே இருக்குப்பா. போய்ப் பாருங்களேன்."

போய்ப் பாருங்களேன்.

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சாவியை எடுத்தார். பின்கட்டுக் கதவின் தாழ் துருப்பிடித்த மாதிரி நகர்ந்தது. வெளியே பனிப்புகை தரையோடு படிந்திருந்தது. பட்டப்பகலில் வேலிகூடத் தெரியவில்லை. குளம் மட்டும் தெரிந்தது. நீளமாக. மூடியோடு. ஓர் ஆளைப் படுக்கவைத்து மூடுகிற அந்த அளவை இப்போதுதான் பார்த்தார்.

குனிந்தார். பூட்டு சில்லிட்டது. திறந்தது.

இரண்டு பேர் தூக்குகிற கனம். ஒரு முனையில் தோளைக் கொடுத்தார். வாடை முகத்தில் அடித்தது.

நிமிர்த்தினார்.

தண்ணீர் கறுப்பு. அதன் நடுவில் ஓடு. மல்லாந்து, காலியாக. செத்து எத்தனையோ வாரம் ஆகியிருந்தது. கழுத்தெலும்பு மட்டும் முழு நீளத்துக்கு வெளியே நீண்டு கிடந்தது. மேல் நோக்கி.

மூடியின் அடிப்பக்கத்தைப் பார்த்தார். எல்லா இடமும் வெள்ளை. ஒரே ஓர் இடம் தவிர. ஒரு விரல் அகலம். மரம் தெரிந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த இடத்திலிருந்து ஒரு பெயிண்ட் செதில் உதிர்ந்து தண்ணீரில் விழுந்தது. இன்னொன்று. ஓடு அசையவில்லை.

இன்னொன்று.

"அப்பா," என்றது சட்டைப் பை. "இப்ப ரொம்பக் கிட்டக் கேக்குது."

"அம்மா தூக்கத்துல போகலம்மா." அவர் வாய் தானாகப் பேசியது. "முழிச்சுட்டுத்தான் இருந்தா. தட்டிட்டே இருந்தா. நான் மெஷினக் கழட்டி வச்சுட்டேன். ஆமையக் காட்டத்தான் கூப்டறான்னு நெனச்சேன். குளத்துலயும் ஆமை இருந்துச்சு. தெரிஞ்சேதான் மூடினேன். அது பாத்துச்சும்மா. அது எல்லாத்தையும் பாத்துச்சு."

போனை எடுத்தார். திரை அணைந்திருந்தது. லைன் எப்போது அறுந்தது, எது வரைக்கும் கேட்டாள், தெரியவில்லை.

மூடி தோளிலிருந்து சரிந்து மண்ணில் விழுந்தது. அந்தச் சத்தம் கேட்டது.

நிமிர்ந்தார். நேர் எதிரே பின்னறை ஜன்னல்.

ஜன்னலின் கீழ் விளிம்பிலிருந்து ஒரு தலை மேலே வந்தது. மெதுவாக. தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போல. தலை நின்றது. கழுத்து நிற்கவில்லை. வந்தது. இன்னும் வந்தது. மடிப்பு மடிப்பாக. கட்டிலில் படுத்திருக்கிற ஒருத்திக்கு இருக்கவே முடியாத நீளத்துக்கு. அதன் பக்கத்தில் ஓர் இடது கை. மோதிரம் கண்ணாடியில் பட்டது. மூன்று முறை. எடுத்தது. மூன்று முறை.

அவருக்கு ஒன்றுமே கேட்கவில்லை. மெஷின் இரண்டும் காதில் இருந்தன. கழற்றினால் கேட்கும். கை காது வரை போயிற்று.

அங்கேயே நின்றது.

அவள் வாய் கண்ணாடியை ஒட்டித் திறந்தது. மூடியது. திறந்தது. வெளியே அவ்வளவு பனி. கண்ணாடியில் மூச்சு படியவே இல்லை.