இருபத்துமூன்றாவது பிள்ளை

இருபத்துமூன்று.

நிலாணி மறுபடியும் தலைகளை எண்ணினாள். இருபத்துமூன்று. ரூஜ் ஆற்றோரத்துப் பழைய வீட்டைக் காட்ட அவள் கூட்டிவந்த, புலம்பெயர்ந்த பிள்ளைகளின் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் இருபத்திரண்டு பேர்தான். பெயர் கூப்பிட்டாள், இருபத்திரண்டு குரல்கள்தான் வந்தன. குசினி இருட்டு, பிள்ளைகள் ஓரிடத்தில் நிற்கவில்லை, எண்ணியதில் பிழை என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். எங்கிருந்தோ சீனி தீய்கிற மணம் வந்தது. அடுப்போ நூறு வருடமாக எரியாத அடுப்பு.

பயத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. கரீபியன் கரும்புத் தோட்டத்தில் மனிதரை அடித்து உழைப்பித்த காசில் எழும்பிய வீடு இது. அங்கிருந்து ஒரு சிறுமியையும் கொண்டுவந்து இந்தக் குசினியில் வைத்திருந்தார்கள். ஆனால் வீட்டைச் சுற்றிக் காட்டுகிற மாக்கஸ் வாசலிலேயே சொல்லிவிட்டான்: அடிமை என்ற சொல் வேண்டாம், பணியாள் என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் அடுத்தமுறை அனுமதி கிடையாது. வெட்கங்கெட்டவர்கள்! அதற்குத் தலையாட்டிய தன்மீதும் அவளுக்கு எரிச்சல்.

அடுப்பருகே ஒரு தாழ்ந்த சிறு கதவு. உள்ளே ஒரு பிள்ளை மடங்கிப் படுக்கத்தான் இடம். கதவின் உட்புறமெங்கும் நகக்கீறல்.

"உது சாமான் அறையாம்," என்றாள் நிலாணி.

மஞ்சள் ஜாக்கெட் போட்ட அட்சயா விடவில்லை. "சாமான் ஓடிப்போகுமா, ரீச்சர்? பிறகேன் கதவு பூட்டுற திறாங்கு வெளியால கிடக்கு?"

பிள்ளைகள் எல்லோரும் நிலாணியின் வாயையே பார்த்தார்கள்.

"ஒரு பிள்ளை வேலைக்கு நிண்டது. நல்லாத்தான் வச்சிருந்தவை. பாத்தது காணும், வாங்கோ."

சொன்னதும் நாக்கு கசந்தது. யாழ்ப்பாணத்தில் தங்கள் குசினியில் படுத்த மலையகத் தேயிலைத் தோட்டத்து வேலைக்காரப் பிள்ளையைப் பற்றி அம்மா சொல்கிற அதே வார்த்தைகள்.

முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள். தீய்ந்த மணம் நெருங்கி வந்தது. பிள்ளைகளை வெளியே விரட்டினாள். கடைசியாகத் திரும்பியபோது சிறு கதவு கொஞ்சம் திறந்து கிடந்தது. அதைப் பார்க்கவே ஆத்திரமாக இருந்தது. உள்ளே எட்டிப் பார்க்காமல் அடித்துச் சாத்தி, திறாங்கைப் போட்டாள்.

"எல்லாரும் ஏறியாச்சோ, ரீச்சர்?" பஸ் ஓட்டுகிற பாக்கியராசா அண்ணை கேட்டார்.

எண்ணினாள். இருபத்திரண்டு. அப்பாடா!

"ஓம் அண்ணை, சரி. எடுங்கோ."

பஸ் நகர்ந்தது. போன் அதிர்ந்தது. திரையில் அட்சயாவின் பெயர்.

"ரீச்சர்... நான் அந்த அறைக்குள்ள. பாக்கத்தான் பூந்தனான். ஆரோ வெளியால பூட்டிப்போட்டினம். என்ர ஜாக்கெட்டையும் காணேல்லை. குளிருது, ரீச்சர்."

நிப்பாட்டுங்கோ என்று கத்த வாய் திறந்தாள். அதற்குள் கண் பின்னால் போனது.

கடைசி இருக்கை. மஞ்சள் ஜாக்கெட். தொப்பி முகத்தை மூடியிருந்தது.

அது எழும்பியது. இருக்கைகளுக்கு நடுவால் நடந்து வந்தது. அவள் பக்கத்தில் அமர்ந்தது. சீனி தீய்ந்த மணம்.

நகமே இல்லாத சின்ன விரல்கள் அவள் கையைப் பிடித்தன.

"நான் ஆர் எண்டு இப்ப சொல்லுங்கோ, ரீச்சர்."

அட்சயாவின் குரல்.

போனுக்குள் நகங்கள் மரத்தைக் கீறத் தொடங்கின.