ஏரி தாங்குமா?

வார்சமே நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். அவருடைய கண்கள் திறந்துதான் இருந்தன. ஆனாலும் அவர் தூங்குகிறார் என்பது மகள் இஃப்ராவுக்கு நன்றாகத் தெரியும். இரவெல்லாம் இறைச்சித் தொழிற்சாலையில் நின்றபடி வேலை செய்தவர், வீட்டுக்குப் போகாமல் நேராகப் பள்ளிவாசலுக்கு வந்திருந்தார்.

கனடாவின் அந்தச் சின்ன ஊரில், முன்பு தரைவிரிப்புக் கடையாக இருந்த கட்டடம்தான் இப்போது பள்ளிவாசல். செவ்வாய்க்கிழமை யாரோ அதன் கதவில் சிவப்புச் சாயத்தால் மோசமான சொற்களை எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். பெரியவர்கள் அதைத் தேய்த்துக் கழுவினார்கள். பிறகு எப்போதும் செய்வதையே செய்தார்கள். சனிக்கிழமை கதவை அகலத் திறந்துவைத்து, ஊரார் அனைவரையும் அன்போடு அழைத்தார்கள்.

வாசலருகே ஒரு மேசை. அதன்மேல் ஓர் அட்டை: 'எங்களிடம் எதை வேண்டுமானாலும் கேளுங்கள்.' அட்டைக்குப் பின்னால் அப்பா. சோமாலியாவிலிருந்து அங்கே வந்து குடியேறியவர்களுள் ஆங்கிலம் அழகாகப் பேசுபவர் அவர்தான். எதைக் கேட்டாலும் கோபப்படாதவரும் அவர்தான்.

கதவில் எழுதினால் கூட்டம். உலகின் ஏதோ ஒரு மூலையில் ஏதோ நடந்தால் கூட்டம். 'குடியேறியவர்கள் நம்மோடு கலக்கிறார்களா?' என்று செய்தித்தாளில் எவராவது கடிதம் எழுதினாலும் கூட்டம்.

இஃப்ராவுக்குப் பத்து வயது. ஏரிக்கரை ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள், உறைந்த ஏரியின்மேல் ஒருமுறைகூட நின்றதில்லை. ஒரு சனிக்கிழமை அழைத்துப் போவதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். இப்போதோ கூரைகளில் பனி உருகி நீர் சொட்டத் தொடங்கிவிட்டது. இன்று போகாவிட்டால், இனி அடுத்த பனிக்காலம்தான்.

"அப்பா, இன்னிக்காவது போவோமா?"

"கூட்டம் முடியட்டும் கண்ணு."

"கூட்டம் முடிஞ்சா நீங்க தூங்கணும். தூங்கி எழுந்தா வேலைக்குப் போகணும்."

எல்லாருடைய கேள்விகளுக்கும் பதில் வைத்திருந்த அப்பா, அட்டையை நேராக நிமிர்த்தி வைத்தார்.

முதலில் தபால்காரர் லைல் வந்தார். ஒரு கூட்டத்தையும் அவர் தவறவிட்டதில்லை. சமோசா போன்ற சூடான சம்பூசா ஒன்றைக் கடித்துக்கொண்டே, "ஆமா, நோன்புல தண்ணிகூடவா குடிக்க மாட்டீங்க?" என்றார்.

"குடிக்க மாட்டோம்" என்றார் அப்பா.

"துளிகூட?"

"துளிகூட."

லைல் வியந்து தலையை ஆட்டினார். சென்ற முறையும் இதையே கேட்டு, இப்படியேதான் வியந்தார்.

பச்சைக் குல்லாய் அணிந்த ஒரு பெண் இஃப்ராவிடம் குனிந்தார். "பாப்பா, உனக்கு எந்த ஊரு?"

"இந்த ஊருதான்."

"இல்லம்மா, நெஜமா எந்த ஊரு?"

"நெஜமா இந்த ஊரு ஆஸ்பத்திரிதான். ரெண்டாவது மாடி."

அடுத்து நூலகர் மார்ஜரி வந்தார். "வார்சமே, பாத்ரூம் எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

அப்பா மரியாதையாகப் புன்னகைத்தார். "துளிகூடக் குடிக்க மாட்டோம்" என்றார்.

மார்ஜரி திகைத்துப்போய் இஃப்ராவைப் பார்த்தார். இஃப்ரா இடது பக்கம் கைகாட்டினாள். இனி அப்பாவைப் பேசவிடக் கூடாது என்று அவளுக்குத் தோன்றியது. அட்டையைத் திருப்பி, அதன் வெற்றுப் பக்கத்தில் பெரிய எழுத்துகளில் எழுதினாள்:

'இன்று நாங்கள் கேட்கிறோம்.'

"அப்பா, நீங்க சும்மா உக்காருங்க. நான் பாத்துக்கிறேன்."

லைல் அட்டையைப் படித்துவிட்டுச் சிரித்தார். "அட, இது புதுசா இருக்கே! என்ன கேக்கப் போற?"

இஃப்ராவுக்குத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்றுதான். "ஏரி இன்னும் தாங்குமா?"

"தாராளமா!" என்றார் லைல். "இன்னும் ரெண்டு வாரம் லாரியே ஓட்டலாம்."

"லாரியா?" கைகளைத் துடைத்தபடி திரும்பி வந்தார் மார்ஜரி. "போன வருஷம் உன் மச்சான் வண்டிய கிரேன் வெச்சுத் தூக்கினது மறந்துபோச்சா?"

"அவன் படகுத்துறைப் பக்கம் போனான், முழுகினான். நாணல் பக்கம் போயிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது."

"நாணல் பக்கமா? உனக்குக் கடிதம் கொடுக்கத்தான் தெரியும். ஏரியப் பத்திப் பேசாத!"

பச்சைக் குல்லாய்ப் பெண்ணும் சேர்ந்துகொண்டார். மூன்று குரல்களும் உயர்ந்தன. தாம் பேச வேண்டியதில்லை என்று கண்ட அப்பா, மெல்லக் கண்களை மூடிக்கொண்டார். இஃப்ராவுக்கு மனம் கொஞ்சம் லேசானது.

அப்போது வாசலிலிருந்து ஓர் அதட்டல் கேட்டது.

"எவன்யா நாணல் பக்கம் போகச் சொன்னது?"

எல்லாரும் திரும்பினார்கள். எல்மர் பென்னர் நின்றிருந்தார். இந்தக் கூட்டம் நடக்கும் நாளிலெல்லாம் எதிர்ப்புப் பலகை ஒன்றைத் தூக்கிக்கொண்டு நடைபாதையில் நிற்பவர் அவர். ஒருநாளும் படியேறியதில்லை. இன்று அவருடைய ஒரு பூட்ஸ் கால் வாசலுக்கு உள்ளே இருந்தது. கையிலிருந்த பலகையில், 'எங்களோடு கலக்காதவர்களுக்கு இங்கே இடமில்லை' என்று எழுதியிருந்தது.

"நாணல் இருக்குற எடத்துல பனிக்கட்டி சீக்கிரம் மெலிஞ்சிடும். நாப்பது வருஷமா நான் அங்க மீன் பிடிக்கிறேன். யாருக்குப் போகணும்?"

"எனக்கும் எங்கப்பாவுக்கும் சார்" என்றாள் இஃப்ரா. "இதுவரைக்கும் ஏறினதே இல்ல."

"ஏறினதே இல்லியா?" பென்னர் பலகையைத் தட்டினார். "ஏரிய வாசல்ல வெச்சுக்கிட்டு ஒருநாள்கூட ஏறல! இதத்தான் நானும் சொல்றேன். நீங்க கலக்கவே மாட்டீங்க."

"நேரம் எங்க சார் இருக்கு?" என்றாள் இஃப்ரா. அவள் கோபமாகச் சொல்லவில்லை. மிகவும் களைப்பாகத்தான் சொன்னாள். "கலக்குறீங்களா, கலக்குறீங்களான்னு எல்லாரும் கேட்டுக்கிட்டே இருக்கீங்க. அதுக்குப் பதில் சொல்லியே எங்கப்பாவோட சனிக்கிழமையெல்லாம் தீந்துபோகுது."

லைல் தம்முடைய சம்பூசாவை உற்றுப் பார்த்தார்.

பென்னர் தொண்டையைச் செருமினார். "எவன் சொன்னாலும் நம்பி ஏறக் கூடாது. தொளை போட்டு அளக்கணும்."

"உங்களுக்கு அளக்கத் தெரியுமா சார்?"

"தெரியுமாவா! தொளை போடுற மெஷின் வண்டியிலயே இருக்கு."

"அப்ப அளந்து சொல்லுங்களேன். இவங்க மூணு பேர நம்பி எங்கப்பாவ எப்படி ஏத்துறது?"

மார்ஜரி வாய்விட்டுச் சிரித்துவிட்டார். நாற்காலி நிறைய உட்கார்ந்து தூங்கும் வார்சமேயைப் பென்னர் ஏற இறங்கப் பார்த்தார். "இந்த ஆளுக்குன்னா ரெண்டு எடத்துல அளக்கணும்" என்று முணுமுணுத்தபடி படியிறங்கினார்.

இஃப்ரா அப்பாவைத் தொட்டு எழுப்பினாள். மேசையை மார்ஜரி பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். "அந்த நாற்காலியையும் எடுத்துக்கோ" என்றார் லைல். "புதுசா ஏறுறவங்க அதப் புடிச்சுத் தள்ளிக்கிட்டே பழகணும். நானும் அப்படித்தான் பழகினேன்."

ஏரி தெருக்கோடியிலேயே இருந்தது. கரைக்கு வந்ததும் பென்னர் தமது வண்டியிலிருந்து துளையிடும் இயந்திரத்தை இறக்கினார். அதைப் பிடிக்க இரண்டு கைகளும் வேண்டும்.

"இதக் கொஞ்சம் புடி" என்று, யோசிக்காமல் பலகையை இஃப்ராவிடம் நீட்டிவிட்டார்.

இஃப்ரா வாங்கிக்கொண்டாள். தலைமுக்காடு காற்றில் படபடக்க, அந்த எழுத்துகளை நெஞ்சுக்கு நேராகப் பிடித்தபடி நின்றாள். அளக்காமலேயே ஏரியில் ஏறியிருந்த சிலர் சறுக்குவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். பென்னரும் பார்த்தார். அவருடைய காதுகள் சிவந்தன.

"இத எங்க சார் வைக்கட்டும்?"

"வண்டியில போடு." அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். "எழுத்து கீழ இருக்கட்டும்."

பென்னர் ஓரிடத்தில் துளையிட்டு அளந்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டு சற்றுத் தள்ளி இன்னோர் இடத்திலும் அளந்தார். "தாங்கும். அந்தப் பாறை வரைக்கும் போங்க. நாணல் பக்கம் கால வெச்சீங்க, அப்புறம் நான் பொறுப்பில்ல" என்றார்.

"ரொம்ப நன்றி" என்று அப்பா கைநீட்டினார்.

பென்னர் அந்தக் கையைக் குலுக்கவில்லை. "நாற்காலிய நல்லா புடிச்சுக்கோங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, வண்டியில் ஏறி உட்கார்ந்தார். ஆனால் வண்டி உடனே கிளம்பவில்லை. அவர்கள் பாறைவரை போகும்வரை அது கரையிலேயே நின்றது.

அப்பா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பாறைவரை தள்ளினார். இரண்டு முறை வழுக்கினார், மூன்று முறை சிரித்தார். பிறகு, "கொஞ்சம் உக்காந்துக்கிறேன் கண்ணு" என்றார். உட்கார்ந்ததும் தூங்கிவிட்டார். இந்த முறை கண்களை மூடிக்கொண்டே தூங்கினார்.

இஃப்ரா நாற்காலியின் முதுகைப் பிடித்துக் கரைப்பக்கம் திருப்பித் தள்ளினாள். ஏரியின்மேல் அப்பா இவ்வளவு லேசாக நகர்வார் என்று அவள் நினைக்கவே இல்லை.

சற்று நேரத்தில், பள்ளிவாசலில் பார்த்த பச்சைக் குல்லாய்ப் பெண் சறுக்கிக்கொண்டு அருகில் வந்தார். "பாப்பா, உங்கப்பாகிட்ட ஒரே ஒரு கேள்வி கேக்கணும்..."

இஃப்ரா உதட்டில் விரலை வைத்தாள்.

"இன்னிக்கு லீவு ஆன்ட்டி" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, நாற்காலியைத் தள்ளிக்கொண்டே போனாள்.