மூன்று முறை தட்டினால்

தலையணை உறை வெளுத்திருந்தது. அவளுடைய தலையணை இல்லை. ஐந்து மாதமாக யாரும் தலைவைக்காத, கட்டிலின் அந்தப் பக்கத்துத் தலையணை. கருநீல உறை, துவைத்துப் போட்டு இரண்டு நாள்கூட ஆகவில்லை. நட்டநடுவில் ஒரு தலை அளவுக்கு நீலம் போய், பழுப்பேறிய வெள்ளையாக இருந்தது. சோப்புத்தூள் சரியில்லை என்று மனதுக்குள் கடைக்காரரை ஒரு பாட்டம் திட்டிவிட்டு, உறையை உருவி மூக்கருகே கொண்டுபோனாள். கொண்டுபோன கை அப்படியே நின்றுவிட்டது.

அந்த வாடையை அவளுக்கு யாரும் அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. நகரத்துக்குக் குடிநீர் அனுப்பும் சுத்திகரிப்பு நிலையத்தில், குளோரின் பிரிவில், பதினோரு வருடமாக அவள் ஆப்பரேட்டர். எந்த வீட்டுக் குழாயைத் திறந்தாலும் அதில் அவள் கைபட்ட குளோரின் துளியளவு இருக்கும். காகிதம் வெளுப்பதும் அதுதான், பிளாஸ்டிக் குழாய் செய்ய உதவுவதும் அதுதான், பாதி மருந்துகளின் பிறப்புக்கும் அதுதான் காரணம். அளவோடு இருந்தால் ஊரையே நோயிலிருந்து காப்பாற்றும். அளவு மீறினால் ஈரமுள்ள இடமாகத் தேடிப் போய் உட்காரும். கண், தொண்டை, நுரையீரல்.

புதிதாகச் சேருபவர்களுக்கு வகுப்பெடுத்துவந்ததும் அவள்தான். “இந்த வாயுவுக்கும் எங்க வீட்டுக்காரருக்கும் ஒரே குணம். காத்தை விடக் கனம். எங்க விட்டாலும் தரையோட படுத்துக்கும், படி மட்டும் ஏறாது. அதனால கசிஞ்சா கீழே ஓடாதீங்க, மேல ஏறுங்க” என்பாள். அதே பிரிவில் டெக்னீஷியனாக இருந்த அவள் கணவன் பின்வரிசையில் நின்று, தன்னைத்தான் சொல்கிறாள் என்று எல்லோருக்கும் தெரியும்படி கொட்டாவி விடுவான். அறையே சிரிக்கும்.

சிரித்த காலம் அது. இப்போது அந்த வகுப்பை வேறொருவர் எடுக்கிறார்.

உறையை வாளியில் போட்டு, படுக்கையறைக் கதவை வெளியிலிருந்து சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். பித்தளைத் தாழ்ப்பாளின் மேல் பச்சையாக ஏதோ பூத்திருந்தது. விரலால் தேய்த்தாள், போகவில்லை. மழைக்காலம், ஈரக்காற்று, பித்தளை பச்சை பிடிக்காமல் என்ன செய்யும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அன்று அவளுக்கு விடுமுறை. வெளியே விடாத மழை. கூடத்தில் மகள் வாலு சுவரை ஒட்டிப் படுத்துக்கொண்டு படம் வரைந்துகொண்டிருந்தது. பெயர் வேறு, ஆனால் ஒரு நிமிடம் ஓரிடத்தில் உட்காராத அந்த ஐந்தரை வயசுக்கு அவள் அப்பன் வைத்த பெயர்தான் நிலைத்தது.

மதியம் ஃபிட்டர் அண்ணன் வந்தார். கணவனின் நண்பர், அதே நிலையத்தில் வேலை. குழந்தைக்கு ஒரு பிஸ்கட் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, நனைந்த குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு, உட்காராமல் நின்றார். கூடத்துச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த பாராட்டுச் சான்றிதழையே பார்த்துக்கொண்டிருந்தார். துணிச்சலாகச் செயல்பட்டுக் குடியிருப்பைக் காப்பாற்றியதற்காக நிர்வாகம் அவளுக்குக் கொடுத்தது. அவள் மாட்டவில்லை, சூப்பர்வைசரே ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போனார்.

வீட்டில் குளோரின் வாடை வருகிறதா என்று அவள் கேட்டாள். குளியலறையில் பிளீச்சிங் பவுடர் போட்டிருப்பீர்கள் என்றார் அவர். போடவில்லை என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“தங்கச்சி, தப்பா நினைக்காதே. அன்னைக்கு நிஜமாவே உனக்குச் சத்தம் எதுவும் கேக்கலையா?”

“இல்லண்ணே. விசாரணையிலயே சொல்லிட்டேனே.”

“சொன்னேதான்.” குடையைக் கையில் எடுத்தார். “போன வாரம் அந்த ரூம் கதவுக்கு பெயிண்ட் அடிச்சேன். உள்பக்கம். அடிக்கறதுக்கு முன்னாடி முட்டி பட்ட தடம் பார்த்தேன், அதான் கேட்டேன்.”

மழையில் இறங்கிப் போனார்.

அவள் பொய்தான் சொல்லியிருந்தாள். குளோரின் அறைக்குள் ஒருவர் தனியாகப் போகக் கூடாது. ஒருவர் உள்ளே, ஒருவர் கதவுக்கு வெளியே. மோட்டார் இரைச்சலில் பேச்சு கேட்காது என்பதால் அவனும் அவளும் ஒரு சங்கேதம் வைத்திருந்தார்கள். உள்ளே இருப்பவர் இரும்புக் கதவில் விரல் முட்டியால் ஒரு முறை தட்டினால், நன்றாக இருக்கிறேன். இரண்டு என்றால், வேலை முடிந்தது, வருகிறேன். மூன்று என்றால், கதவைத் திற. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. குளியலறைக்குள் வாலு இருந்தால் அப்பன் வெளியே நின்று தட்டுவான், அது உள்ளேயிருந்து ஒரு தட்டு தட்டும். நன்றாக இருக்கிறேன்.

குளோரின் உருளையை மாற்றும்போதெல்லாம் இணைப்பில் புது ஈய வாஷர் போட வேண்டும். அன்று இருப்பில் வாஷர் இல்லை, கேட்டு எழுதிப் பத்து நாளாகியும் வரவில்லை. ஒரு நாள்தானே என்று அவன் பழையதையே போட்டான். மாலை நாலு பத்துக்கு, அவன் உள்ளே இருக்கும்போதே, அது பிளந்து வாயு பீறிட்டது. காற்று உருளையோடு மாட்டிக்கொள்ளும் மூச்சுக்கருவி கதவுக்கு வெளியே தொங்க வேண்டும். அது நிரப்புவதற்காக அடுத்த கட்டடத்துக்குப் போயிருந்தது. அது இல்லாமல் யாரும் உள்ளே போகக் கூடாது, கதவை ஒரு நொடிகூடத் திறக்கவும் கூடாது. காற்று தெற்கே வீசியது. தெற்கே ஐம்பதடியில் ஊழியர் குடியிருப்பு, அதன் முற்றத்துத் தரையில் உட்கார்ந்து மணலில் விளையாடிக்கொண்டிருந்தது வாலு. அதன் சிவப்புச் சட்டை அவள் நின்ற இடத்திலிருந்து தெரிந்தது.

அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டு, முதுகைக் கொடுத்து நின்றாள்.

அவன் மூன்று முறை தட்டினான். மறுபடி மூன்று. ஒவ்வொன்றும் அவள் முதுகெலும்பில் விழுந்தது. சிவப்புச் சட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஃபிட்டர் அண்ணன் கருவியைத் தூக்கிக்கொண்டு ஓடி வர நாலு நிமிடம் ஆயிற்று. மூன்றாவது நிமிடத்திலேயே தட்டல் நின்றுவிட்டது. அவனை அவள் உயிராக நேசித்தாள். அந்தக் கதவை அவள்தான் சாத்தினாள். இரண்டும் உண்மை. இரண்டையும் ஒரே உடம்பில் வைத்துக்கொண்டு ஐந்து மாதமாகச் சோறு தின்று, தலை வாரி, வேலைக்குப் போய் வருகிறாள்.

வாடை கூடியிருந்தது. கூடத்துக்கே வந்துவிட்டது. நேற்று நிலையத்தில் திருப்பி வைக்க மறந்து கைப்பையிலேயே கொண்டுவந்திருந்த சிறிய பிளாஸ்டிக் புட்டியை எடுத்தாள். அம்மோனியாத் தண்ணீர். குளோரின் கசியும் இடம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அம்மோனியா ஆவி அதன் மேல் பட்டால் வெள்ளையாகப் புகை கட்டும். எங்கே புகையோ அங்கே கசிவு. பதினோரு வருடத்தில் ஆயிரம் முறை செய்திருப்பாள். படுக்கையறைக் கதவின் கீழ் இடுக்கருகே புட்டியை நீட்டி மெல்ல அழுத்தினாள்.

புகை கட்டியது. வெள்ளையாக, கெட்டியாக, இடுக்கிலிருந்து ஒரு சாண் வெளியே வந்தது. பிறகு உள்ளே போயிற்று. மறுபடி வெளியே வந்தது. உள்ளே போயிற்று.

கசிவு அப்படிச் செய்யாது. கசிவு ஒரே பக்கமாகத்தான் வரும்.

அவள் பின்னோக்கி நகர்ந்தாள். கூடத்துக் கடிகாரத்தில் மணி நாலு ஐந்து. கதவுக்குப் பின்னால், மரத்தில், ஒரு தட்டு விழுந்தது.

வாலு தலை நிமிராமல், கையிலிருந்த பென்சிலின் பின்பக்கத்தால் சுவரில் ஒரு முறை தட்டியது.

“என்னடி பண்றே?”

“அப்பா நல்லா இருக்கேன்னு சொல்றாரு. நானும் சொன்னேன்.”

“எத்தனை நாளா?”

“தினமும்தான்.” சொல்லி முடிப்பதற்குள் அதற்கு இருமல் வந்தது. வறட்டு இருமல். தரையில் படுத்திருந்த பிள்ளை. தரையோடு வரும் வாயு.

அதன்பிறகு அவள் யோசிக்கவில்லை, பதினோரு வருடப் பழக்கம் யோசித்தது. துண்டை நனைத்தாள். பிள்ளையின் மூக்கை மூடினாள். அள்ளித் தோளில் போட்டாள். வெளியே போகத்தான் முதலில் பார்த்தாள், ஆனால் மழைத்தண்ணீர் தேங்கிய தாழ்வான முற்றம் அது, வாயு அங்கேதான் முதலில் போய்த் தேங்கும். மேலே ஏறு. பழைய சாமான் போட்டு வைத்திருந்த மாடி அறைக்குப் பதினாறு படி. ஏறினாள். பிள்ளையைப் பெட்டியின் மேல் உட்கார வைத்தாள். ஜன்னலைத் திறந்து விட்டாள். கம்பிகளுக்கு வெளியே மழை, நல்ல காற்று.

“அப்பா மூணு தட்டு தட்டுவாரு. யாரு திறக்கறது?” என்றது வாலு.

“நான் திறக்கறேன்.”

“நீதான் திறக்க மாட்டியே.”

யார் சொன்னது என்று அவள் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை. பிள்ளையின் நெற்றியில் முத்தம் கொடுத்து, “கீழே இறங்கி வந்துடாதே. நான் வந்து ரெண்டு தட்டு தட்டிட்டுத் திறப்பேன்” என்றாள். சொல் கேட்கிற பிள்ளை இல்லை அது. அதனால் கதவைச் சாத்தி, வெளியே தாழ்ப்பாளும் போட்டாள்.

கீழே கூடத்தில் மங்கிய பகல் வெளிச்சம். மணி நாலு பத்து. படுக்கையறைக் கதவின் முன் நின்றாள். கண் எரிந்தது, தொண்டை எரிந்தது. அது வாயுவா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

மூன்று தட்டு.

“கேக்குது” என்றாள். “அன்னைக்கும் கேட்டுச்சு. எல்லாம் கேட்டுச்சு. பிள்ளை வெளியே இருந்தாடா. நான் என்னடா பண்ணுவேன்.”

மூன்று தட்டு.

பச்சை பூத்த தாழ்ப்பாளை இரண்டு கையாலும் இழுத்தாள். கதவைத் திறந்தாள்.

அறையில் யாரும் இல்லை.

மஞ்சள் திரைச்சீலை வெள்ளையாகத் தொங்கியது. பூப்போட்ட விரிப்பில் பூக்கள் இல்லை. மேசை மேல் மூவரும் சேர்ந்து எடுத்த படம் சட்டத்துக்குள் இருந்தது. அதை எடுத்துப் பார்த்தாள். அவன் நின்ற இடம் வெறும் வெள்ளை. அவன் தோளில் வாலு உட்கார்ந்திருந்த இடமும் வெள்ளை. அவள் மட்டும் சேலையின் பச்சைகூட மங்காமல், சிரித்துக்கொண்டு தனியாக நின்றாள்.

வாடை இல்லை. சுத்தமாக இல்லை. அறைக்குள் புட்டியை அழுத்தினாள், புகை வரவில்லை. வாசற்படியில் அழுத்தினாள்.

புகை கட்டியது.

அவளைத் தாண்டிப் போயிருக்கிறது. கூடத்தில் அழுத்தினாள். புகை. ஒரு எட்டு தள்ளி, புகை. இன்னொரு எட்டு. ஒரு மனிதன் நடக்கிற இடைவெளியில், தரையில் பாதம் பாதமாகப் புகை. மாடிப்படி. முதல் படியில் புகை. இரண்டாவது படியில் புகை.

வாயு படி ஏறாது. அவள்தான் வகுப்பெடுத்தாள்.

ஓடினாள். ஐந்தாம் படி. பத்தாம் படி. பதினாறு.

மாடிக் கதவின் தாழ்ப்பாள் பச்சையாக இருந்தது. தொட்டாள். அசையவில்லை. சற்றுமுன் அவள் போட்ட தாழ்ப்பாள். ஒரு வருடம் மழையில் கிடந்ததுபோல் பொருக்கேறி, இறுகி, கதவோடு கதவாக ஒட்டியிருந்தது.

உள்ளே, கதவின் கீழ்ப்பாகத்தில், சின்ன விரல்கள்.

மூன்று தட்டு.

“வந்துட்டேன்டி. வந்துட்டேன்.”

இழுத்தாள். நகம் பிய்ந்தது. தோளால் இடித்தாள்.

மூன்று தட்டு. இருமல்.

“கேக்குதுடி கண்ணு. அம்மாவுக்குக் கேக்குது.”

இழுத்தாள். இடித்தாள். கையிலிருந்த புட்டி விழுந்து உருண்டு, கதவடியில் கொட்டியது. வெள்ளைப் புகை எழுந்தது. இடுக்கின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை. அவள் பாதத்தைச் சுற்றியது. உள்ளே போயிற்று. வெளியே வந்தது.

மூன்று தட்டு. மெல்ல.

இரண்டு. வருகிறேன்.

பிறகு எதுவும் இல்லை.

அவள் கதவில் காதை வைத்தாள். இருமல் இல்லை. மழை மட்டும். உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்த புகை இப்போது இரண்டு இடத்தில் தனித்தனியாகப் போய் வந்தது. ஒன்று பெரிதாக. பக்கத்தில் ஒன்று சின்னதாக.

அவள் காது இருந்த உயரத்தில், கதவுக்கு அந்தப் பக்கம், பெரியவர் ஒருவரின் விரல் முட்டி, அவசரமே இல்லாமல், ஒரே ஒரு முறை தட்டியது.

நன்றாக இருக்கிறோம்.