பேர்ளின் குரலுக்குப் பின்னால்

நாலு மணி வானிலை அறிவிப்பை வாசித்து முடித்துவிட்டு பேர்ள் ஒலிவாங்கியின் பொத்தானிலிருந்து பெருவிரலை எடுத்ததும், வெளியே வளைகுடாவில் எங்கோ மீன்பிடித்துக்கொண்டிருந்த ஒரு கிழவர் றேடியோவில் வந்தார். காற்றின் வேகத்தை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

"உங்களுக்குப் பின்னால் ஒரு ஆள் விடாமல் கதைக்கிறார். நீங்கள் சொன்னது விளங்கவில்லை" என்றார் ஆங்கிலத்தில்.

பேர்ள் திரும்பிப் பார்த்தாள். அறையில் அவளைத் தவிர வேறு யாருமில்லை. மூன்று கதிரைகள், சுவரில் வளைகுடாவின் வரைபடம், கொக்கியில் தொங்கும் ஈர மழைக்கோட்டுகள். கீழே கொட்டகையிலிருந்து டீசலும் புதுப் பெயின்ரும் கலந்த மணம் படியேறி வந்துகொண்டிருந்தது. யூலை இங்கே குளிர்காலம்; கண்ணாடி ஜன்னல்கள் வேர்த்திருந்தன.

"தென்மேற்கிலிருந்து பதினெட்டு நொட் வேகம்" என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் கேட்டது.

"பரவாயில்லை, அவரை முதலில் முடிக்கச் சொல்லுங்கள்" என்றார் கிழவர். "அவருக்குத்தான் அவசரம் போலிருக்கு. என்ன மொழி அது?"

பேர்ள் ஒலிவாங்கியை அதன் கொளுவியில் மாட்டினாள். அது இரண்டு தடவை தவறி விழுந்து, மூன்றாவது தடவைதான் மாட்டியது.

வெரிபீ என்ற ஊருக்குத் தெற்கே கடலோரத்தில் இருந்த அந்த மீட்பு நிலையத்தில் எல்லோருமே தொண்டர்கள்தான். மெக்கானிக், பள்ளி ஆசிரியர், ஓய்வுபெற்ற பேருந்துச் சாரதி என்று பலர். பேர்ள் முதியோர் இல்லமொன்றில் சமையல் வேலை செய்பவள். மன்னார்க் கடற்கரையில் பிறந்தவள். ஐந்து வருடங்களுக்கு முன் றேடியோ அறைக்கு ஆள் தேவை என்ற அறிவித்தலைப் பார்த்து வந்து சேர்ந்தாள். அங்கே சேர்ந்த முதல் தமிழ்ப் பெண் அவள்தான். அந்தப் பெருமையை அவள் ஒருநாளும் மறைத்ததில்லை.

வள்ளத்தில் அகதிகளாக வந்து தற்காலிக விசாவில் இருக்கும் தமிழ்ப் பெடியன்கள் கோழித் தொழிற்சாலையில் வாரம் முழுக்க நின்று வேலை செய்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் சின்ன அலுமினியப் படகுகளில் மீனுக்குப் போவார்கள். அவர்களுக்கு ஒரு பாதுகாப்பு வகுப்பு வைத்தால் என்ன என்று கேட்டவளும் பேர்ள்தான். றேடியோவை எப்படித் திறப்பது, ஆபத்தில் கூப்பிடும் பதினாறாம் சனலில் என்ன சொல்வது என்று அவளே படிப்பித்தாள். பேர், நிக்கிற இடம், படகில எத்தனை பேர், என்ன நடந்தது. நாலே நாலு விஷயம். பின்வரிசையில் இருந்த அருந்தவன் என்ற பெடியன் கையை உயர்த்தி, "அந்தரம் அவசரத்தில இங்கிலீஷ் வராட்டி என்ன செய்யிற அன்ரி?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள்.

"வராட்டித் தமிழிலயே சொல்லு தம்பி" என்றாள் பேர்ள். "நான் இருப்பன்."

அந்த வாக்கை நம்பித்தான் அவர்கள் றேடியோவில் தமிழில் கதைக்கத் தொடங்கினார்கள். முதலில் சுகம் விசாரித்தார்கள். பிறகு பகிடி, பாட்டு. "பேர்ள் அன்ரி, இண்டைக்கு என்ன கறி?" நிலையத்துக்குப் பொறுப்பான கிரஹாம் அவளை ஓரமாகக் கூப்பிட்டு, உங்கள் ஆட்களிடம் சொல்லுங்கள், றேடியோ விளையாட்டுப் பொருள் அல்ல என்றார். உங்கள் ஆட்கள் என்ற அந்தச் சொல் வீட்டுக்குப் போன பிறகும் அவளுக்குள் குத்திக்கொண்டே இருந்தது.

சனவரியில், பொதுமக்கள் வந்து பார்க்கும் நிலையத்தின் திறந்த நாள் வந்தது. வாசலில் சொசேஜ் சுட்டு விற்றார்கள். பக்கத்தில் பேர்ளின் வடைக்கடை. நன்கொடை கொடுக்கக்கூடிய பெரிய மனிதர்கள் எட்டுப் பேரைக் கிரஹாம் றேடியோ அறைக்குக் கூட்டிவந்து, பேர்ளைக் காட்டி, எங்கள் சமூகத்தின் முகம் இவர்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பேர்ள் சிரித்துக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் றேடியோவில் வந்தான்.

"பேர்ள் அன்ரி, நான் அருந்தவன்..."

அந்தக் குரலுக்குப் பின்னால் மூச்சு இரைத்தது. பின்னால் தண்ணீர் அடித்தது. பகிடி இல்லை என்பது அந்த முதல் மூச்சிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் எட்டு முகங்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. கிரஹாமின் புருவம் உயர்ந்தது. அவளுடைய கை தானாகப் போய்ச் சத்தத்தைக் குறைத்தது.

"பெடியன்களின் விளையாட்டு" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தாள். அவர்களும் சிரித்தார்கள்.

மூன்றாம் நாள் அவனுடைய உடலை நாணல் கரையில் எடுத்தார்கள். அழைப்பு ஏதும் வந்ததா என்று விசாரித்தபோது, வரவில்லை என்றாள். அழைப்புகளைப் பதியும் கருவி அந்த வாரம் பழுதாகிக் கிடந்தது அவளுக்குத் தெரியும். பிறகு, செத்தவீட்டில் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அவனுடைய மனைவி லக்சிகாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இனி ஒருத்தருக்கும் இப்பிடி நடக்கக் கூடாது பிள்ளை. புதுப் படகு ஒண்டு வாங்குவம்" என்று சொன்னவளும் அவள்தான். மல்கிரேவ் மண்டபத்தில் விருந்து, கோவிலில் கொத்துரொட்டி, கடற்கரையில் நடைபயணம் என்று பணம் சேர்க்க ஆறு மாதம் ஓயாமல் ஓடினாள். எல்லாச் சுவரொட்டியிலும் அருந்தவன் சிரித்துக்கொண்டிருந்தான். எல்லாப் படத்திலும் லக்சிகா பேர்ளுக்குப் பக்கத்தில் நின்றாள்.

வந்துசேர்ந்த அந்தப் படகு இப்போது கீழே கொட்டகையில் நின்றது. நாளைக்கு அதற்கு ஆசீர்வாதம். அதன் பக்கவாட்டில் எழுதிய பேரை ஒரு வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள்.

பேர்ள் தொலைபேசியை எடுத்துக் கணவர் டெனிஸைக் கூப்பிட்டாள்.

"இஞ்சருங்கோ, ஒருக்கா என்னை வந்து கூட்டிக்கொண்டு போறீங்களே? கார் ஓட ஏலாமக் கிடக்கு."

"கட்லட் பொரிச்சுக்கொண்டு நிக்கிறன். என்ன செய்யுது உமக்கு?" என்றார் டெனிஸ். பிறகு, "ஆர் உமக்குப் பக்கத்தில? ஏன் அந்த மனுசன் அப்பிடி மூச்சு வாங்கிறார்?"

அவள் அழைப்பைத் துண்டித்தாள்.

அன்று மாலை வீட்டில் டெனிஸ் குளிக்கப் போனபின், குசினிக் கதவைச் சாத்திவிட்டு மேசையில் அமர்ந்தாள். அடுத்த நாள் பேசவேண்டிய பேச்சை எப்போதும் தொலைபேசியில் பதிவுசெய்து கேட்டுப் பார்ப்பது அவள் வழக்கம். இன்றைக்கு அதைச் செய்வதா வேண்டாமா என்று நெடுநேரம் யோசித்தாள். கேட்காமல் இருப்பது கேட்பதைவிடப் பயமாக இருந்தது.

தாளைப் பார்த்து வாசித்தாள். "அருந்தவன் எங்கள் எல்லாருக்கும் ஒரு சகோதரன். அவருடைய இழப்பு வீண்போகவில்லை..." முழுவதும் வாசித்து முடித்துவிட்டு, பதிவை ஓடவிட்டாள்.

அவளுடைய குரல் தெளிவாகக் கேட்டது. பிசகு ஒன்றுமில்லை. முதல் வசனம் முடிந்து அவள் மூச்சு எடுத்த இடத்தில், அந்தச் சின்ன இடைவெளிக்குள், வேறொரு மூச்சு இருந்தது. இரண்டாம் வசனம் முடிந்ததும் அந்த மூச்சு ஒரு சொல்லானது. "அன்ரி." குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல் நின்றது. பொரித்த எண்ணெயின் மணத்துக்கு அடியிலிருந்து அழுகிய கடற்பாசியின் நாற்றம் மெதுவாக எழுந்து மேசையைச் சுற்றி நிறைந்தது. "அன்ரி, தண்ணி உள்ள வருது." பதிவில் அவள் விட்ட இடைவெளிகள் இவ்வளவு நீளமில்லை. யாரோ அவற்றைப் பிடித்து இழுத்து அகலமாக்கிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அவளுடைய குரல் நடுவில் ஒரு சொல், இன்னொரு சொல் என்று மிதக்கும் துண்டுகளாகத்தான் கேட்டது. மிச்சமெல்லாம் அவன்.

"நீங்கள் கேட்டனீங்கள் அன்ரி. எனக்குத் தெரியும். கேட்டனீங்கள்."

குசினிக் கதவு திறந்தது. தலையைத் துவட்டிக்கொண்டு டெனிஸ் நின்றார். "ஆர் அது?"

ஒரு கணம் சொல்லிவிடலாம் என்றிருந்தது. முப்பது வருடம் கூட வாழ்ந்த மனிதர். சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே அழுதிருப்பாள், அவரும் அழுதிருப்பார், விடிந்ததும் இருவருமாகப் போய் லக்சிகாவின் கதவைத் தட்டியிருப்பார்கள். ஆனால் நாளைக்கு முந்நூறு பேர் வருகிறார்கள். ஆயர் இல்லத்திலிருந்து குருவானவர் வருகிறார். பத்திரிகைக்காரர் வருகிறார்.

"ஒருத்தருமில்லை. றேடியோவில பழைய நாடகம்" என்றாள்.

பதிவை அழித்தாள். எச்சிலை விழுங்கினாள். விழுங்கி முடித்த பிறகு, தொண்டைக்குள் இன்னொன்று தன்பாட்டில் விழுங்கியது.

ஞாயிறு காலையில் மூடுபனி கடலையும் கரையையும் ஒன்றாக்கியிருந்தது. கொட்டகை முன்னால் சனம் நிறைந்துவிட்டது. செம்மஞ்சள் சட்டை போட்ட தொண்டர்கள் வரிசையாக நின்றார்கள். பேர்ள் காலையிலிருந்து ஒரு சொல்லும் பேசவில்லை. தொண்டையைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டினாள். சளி பிடித்துவிட்டது என்று டெனிஸ் எல்லோருக்கும் விளக்கம் சொன்னார். பேச்சை லக்சிகா வாசிக்கட்டும் என்று ஒரு துண்டில் எழுதி, பேச்சுத் தாளோடு கிரஹாமிடம் கொடுத்தாள். அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார். கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. பேசாமல் இருந்தால் போதும். இன்றைய நாள் கழிந்தால் போதும்.

லக்சிகா கூட்டத்துக்குள்ளால் நேராக வந்தாள். கறுப்புச் சேலை. அவளுடைய கையில் அந்தப் பேச்சுத் தாள் இருந்தது. அதை நாலாக மடித்துப் பேர்ளின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடினாள்.

"நீங்கள்தான் கதைக்கோணும் அன்ரி."

பேர்ள் தொண்டையைக் காட்டினாள்.

"தெரியும்" என்றாள் லக்சிகா. அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "அவர் இந்தக் கிழமை முழுக்கக் கனவில வந்தவர். ஈர உடுப்போட கட்டில் கால்மாட்டில நிண்டவர். எல்லாம் சொன்னவர். 'நீ ஒண்டும் செய்யாத. பேர்ள் அன்ரி தன்ர வாயால கதைப்பா, நீ கேட்டுக்கொண்டு இரு' எண்டு சொன்னவர்."

பேர்ள் பின்னால் ஓரடி வைத்தாள். முதுகு புதுப் படகில் இடித்தது. அந்த நேரம் கிரஹாம் மேடையில், படகுக்குப் பணம் சேர்த்தவர் என்று அவளுடைய பேரைச் சொல்லிக் கைதட்டினார். சனம் முழுக்கக் கைதட்டியது. தொண்டை சரியில்லாவிட்டாலும் இரண்டு சொல் சொல்லட்டும் என்று யாரோ கத்தினார்கள். டெனிஸ் அவளுடைய முழங்கையைப் பிடித்துச் சிரித்துக்கொண்டே மேடைக்குக் கொண்டுபோனார்.

ஒலிவாங்கி முன்னால் நின்றாள். உதடுகளை இறுக்கி மூடினாள். பற்களைக் கடித்தாள்.

முந்நூறு முகங்கள். ஒரு கடற்காகம் கத்தியது.

நெஞ்சுக்குள் ஏதோ கனமாகப் புரண்டு எழும்பியது. குளிர். விலா எலும்புகளைப் பிடித்துப் பிடித்து அது மேலே ஏறியது. தாடை வலித்தது. பற்கள் நெரிந்தன. அவளுடைய கைகள் அவளுடைய வாயைப் பொத்தின. பொத்திய விரல்களுக்கு நடுவால் தண்ணீர் கசிந்தது.

வாய் திறந்தது. அவள் திறக்கவில்லை.

"பேர்ள் அன்ரி, நான் அருந்தவன்."

ஒரு ஆணின் குரல். ஒலிபெருக்கியில் அது கொட்டகையின் தகரக் கூரை முழுக்க எதிரொலித்தது. பின்வரிசையில் நின்ற தொழிற்சாலைப் பெடியன்கள் அந்தக் குரலை அறிந்தார்கள். ஒருவன் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டான்.

"நாணல் கரைக்கு வெளியில நிக்கிறன். எஞ்சின் நிண்டுட்டுது. தண்ணி உள்ள வருது. அன்ரி, ஏன் சத்தத்தைக் குறைச்சனீங்கள்? எனக்குக் கேட்டது. நீங்கள் சிரிச்சது கேட்டது."

பேர்ள் மூச்சு எடுக்கப் பார்த்தாள். வரவில்லை. அவன்தான் எடுத்துக்கொண்டிருந்தான். அவளுக்கென்று ஒரு இடைவெளியும் மிச்சமில்லை. வாயிலிருந்து உப்புத் தண்ணீர் கொட்டியது. சட்டை நனைந்தது. தண்ணீரோடு பாசியின் பச்சை நூல்கள் கீழுதட்டில் தொங்கின. முழங்கால்கள் மடிந்தன. ஒலிவாங்கி தண்டோடு சரிந்து விழுந்தது.

டெனிஸ் ஓடிவந்தார். தாடையை மூடப் பார்த்தார். முடியவில்லை. கிரஹாமும் இன்னும் இரண்டு தொண்டர்களும் அவளைப் பக்கவாட்டில் புரட்டி முதுகில் அடித்தார்கள். நீரில் மூழ்கியவர்களுக்குச் செய்யவேண்டிய எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தார்கள். தண்ணீர் நிற்கவில்லை. குரலும் நிற்கவில்லை. அவளுடைய கண்கள் மட்டும் அவளுடையவையாக இருந்தன. அவை ஒவ்வொரு முகமாகப் பார்த்து மன்றாடின.

லக்சிகா மேடையில் ஏறினாள். அவசரமில்லாமல் வந்து பேர்ளின் தலைமாட்டில் முழங்காலில் இருந்தாள். விழுந்த ஒலிவாங்கியை எடுத்தாள்.

"ஓம், கேக்குது" என்றாள். "நான் இருக்கிறன். படகில எத்தனை பேர்?"

"ரெண்டு பேர்" என்றது பேர்ளின் வாய். "நானும் பேர்ள் அன்ரியும்."

"சரி. ஆறுதலாச் சொல்லுங்கோ. எல்லாரும் கேக்கட்டும்."

அவன் சொல்லத் தொடங்கினான். லக்சிகா ஒரு கையால் ஒலிவாங்கியை அந்தத் திறந்த உதடுகளுக்கு நெருக்கமாகப் பிடித்துக்கொண்டு, ஒரு சொல்லும் தவறிப்போகாதபடி, மற்றக் கையால் சேலைத் தலைப்பை எடுத்து வழிந்துகொண்டேயிருந்த கடல் தண்ணீரை மெல்ல மெல்லத் துடைத்துக்கொண்டிருந்தாள்.