போயிட்டு வாறன்

மாளிகையின் இரும்புக் கேற்றடியில் மாலினியை இறக்கிவிட்ட கணவன் சந்திரகுமார், "சரி, போறன்" என்றான். மற்ற நாட்களில் பக்கத்துக் கடைக்குப் பால் வாங்கப் போனாலும் "போயிட்டு வாறன்" என்று சொல்லாமல் வாசல் தாண்டாத மனுசன். முதுகு பிடித்துவிட்டதாம், அவன் காவலாளியாக இருக்கும் இந்த அருங்காட்சியக மாளிகையை இன்றைக்கு மட்டும் அவனுக்குப் பதிலாக அவள் பூட்டவேண்டுமாம். அலுப்பில் வாய் தவறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

குளிர்காலம், பின்னேரமே இருட்டிவிட்டது. ஏரியைப் பார்த்து நின்ற அந்தப் பழைய வெள்ளை மாளிகையின் உயர்ந்த தூண்களைக் கடந்து உள்ளே நுழைந்தபோது, தரைக்குப் பூசிய மெழுகின் வாசத்துக்கு அடியில் சேற்றுத் தண்ணீரின் வாடையும், பார்வையாளர்கள் எல்லாரும் போன பிறகும் ஈரத்துணியிலிருந்து வடிவது போன்ற மெல்லிய சொட்டுச் சத்தமும் இருந்தன. தோட்டத்துச் சிலைகளைப் பார்த்த ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தச் சாத்த, அந்தச் சத்தம் ஒரு அறை தள்ளி அவளோடு கூடவே வந்தது. குழாய் ஒழுகுகிறது, நாளைக்குச் சொல்லவேண்டும்.

கடைசி அறையில் யாரோ சொன்னார்கள்.

"போயிட்டு வாறன்."

சந்திரகுமாரின் குரல். ஆனால் வாய் நிறையத் தண்ணீர்.

போனை எடுத்தாள். "நீங்கள் உள்ளுக்கையோ நிக்கிறியள்?"

"இல்லை. காருக்குள்ளை. மாளிகையைப் பூட்டேக்கை ஒவ்வொரு நாளும் பழக்கத்திலை சொல்லிப்போட்டன், மாலினி. போயிட்டு வாறன் எண்டு. அது கேட்டுக்கொண்டு இருந்திருக்கு."

"எது?"

"போன கிழமை நான் லீவெல்லே. எங்கடை கட்டிலடிக்கு வந்திட்டுது. சொன்னபடி ஏன் வரேல்லை எண்டு கேட்டது. உம்மை அனுப்புறன் எண்டனான்."

போன கிழமை ஒரு நாள் காலை கட்டிலடிக் கம்பளம் ஊறிக் கிடந்தது. தண்ணீர்க் கோப்பையைத் தட்டிவிட்டேன் என்றான். அவள்தான் முழங்காலில் நின்று துடைத்தாள். பக்கத்தில் படுத்துக்கொண்டே அவளைக் கொடுத்திருக்கிறான்.

ஓடினாள். தூண்கள். படிகள். புல். கேற்.

வெளியிலிருந்து சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. கம்பிக்கு அப்பால் கார். விளக்கை அணைத்துவிட்டு, தலையைக் குனிந்தபடி அவன்.

"திறவுங்கோ."

அவன் நிமிரவில்லை.

"இஞ்சேருங்கோ. திறவுங்கோ."

பின்னால் சொட்டுச் சத்தம் நின்றது. சேற்று வாடை. கழுத்தில் குளிர்.

"வந்திட்டீரோ," என்றது அவன் குரல். "இஞ்சையே இருமன்."

தங்க வந்த விருந்தாளியிடம் வாங்குவதுபோல, ஓர் ஈரக் கை அவள் தோளிலிருந்த பையை மெதுவாக இறக்கியது.