வெறுஞ்சட்டி

வண்டி நின்ற இடத்தில் வீடு தெரியவில்லை. சாரல்தான் தெரிந்தது.

குற்றாலத்து ஆனி மாதச் சாரலை அனுபவிக்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. அங்கே கொடியில் போட்ட வேட்டி காய்வதற்குள் பிள்ளை பிறந்து, தவழ்ந்து, பள்ளிக்கூடத்துக்கே போய்விடும். தீப்பெட்டிக்குச் சளி பிடிக்கும். உப்பு ஜாடியைத் திறந்தால் திருச்செந்தூர்க் கடல் கிடக்கும். அப்படியொரு சாரலுக்கு நடுவே, மாட்டு வண்டியில் அண்டா குண்டாவோடு உட்கார்ந்திருந்த சிவனணைந்தபெருமாள், ராஜ்யத்தைக் காட்டும் ராஜா மாதிரி கையை நீட்டினார்.

“அந்தா பாரு கோமதி. அதான் நம்ம வீடு.”

“எங்க? எனக்கு ஒண்ணும் தெரியலியே.”

“தெரியும். மேகம் கொஞ்சம் வெலகட்டும்.”

அதுவரை சென்னைத் திருவல்லிக்கேணியில் அவர்கள் இருந்ததை வீடு என்று சொன்னால் மற்ற வீடுகள் கோபித்துக்கொள்ளும். ஒருவர் கொட்டாவி விட்டால் அடுத்த குடித்தனக்காரர் வாயை மூடிக்கொள்ள வேண்டும், அவ்வளவு நெருக்கம். அந்தப் புழுக்கத்தில்தான் மகள் உலகம்மைக்கு இழுப்பு வந்தது. ஏழு வயதுப் பிள்ளையின் நெஞ்சுக்குள் மாவு மில் ஓடுகிற சத்தம். இரவெல்லாம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்கிப் பழகியவள் கோமதியம்மாள். சத்தம் கேட்கும்வரை தூங்குவாள். ஒரு நொடி நின்றால் விழித்துக்கொள்வாள்.

“நல்ல காத்து இருக்கிற ஊருக்குக் கொண்டு போங்க, இல்லேன்னா பிள்ளை தங்காது” என்று டாக்டர் சொல்லிவிட்டார். சிவனணைந்தபெருமாளுக்குத் தென்காசியில் ஒரு அரிசி மில்லில் வேலை கிடைத்தது. கூடவே இந்த வீடும் கிடைத்தது. சீசன் சமயத்தில் குற்றாலத்தில் ஆட்டுக்கொட்டகைக்குக்கூட ஆள் அடித்துக்கொள்வார்கள். இவர் மட்டும் அருவிச் சத்தம் கேட்கும் தூரத்தில் முழு வீட்டையும் அடிமாட்டு வாடகைக்குப் பேசி முடித்துவிட்டார்.

“பஸ் ஏறினா தென்காசி. ஆஸ்பத்திரி, ரயிலடி, சினிமாக் கொட்டகை, எல்லாம் பக்கத்துல. ஜன்னலத் தொறந்தா மலை. வீட்டுக்கார இலத்தூர்க்காரருக்கு வீடு, எனக்கு வாய். பேசியே மடக்கிட்டம்லா.”

சாவியோடு காத்திருந்தவர் பலவேசம். இலத்தூர்க்காரரின் வீடுகளை எல்லாம் பார்த்துக்கொள்பவர். பெட்டிகளை இறக்கி வைத்தார், அடுப்படியைக் காட்டினார், கிணற்றைக் காட்டினார். பின்வாசல் பக்கம் மட்டும் அவர் கால் போகவில்லை.

“அங்கன என்ன அண்ணாச்சி?” என்றாள் கோமதி.

“ஓடைக்கு இறங்குத படி. வேற ஒண்ணுமில்ல.”

அன்று பால் காய்ச்சினார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் குடையோடு வந்து, சர்க்கரை போட்ட பாலைக் குடித்து, வாடகையை விசாரித்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு போனார்கள். எல்லோரும் போன பிறகு கோமதி பின்வாசலைத் திறந்தாள்.

கதவுக்கு வெளியே இருந்த கொக்கியில் ஒரு பித்தளைத் தூக்குச்சட்டி தொங்கியது. தொட்டால் சூடு. மூடியைத் திறந்தால் உளுந்தங்களி. கருப்பட்டி மணக்க, நல்லெண்ணெய் மிதக்க, கரண்டி வைத்தால் நிற்கும் பதத்தில்.

வந்தவர்களில் யாரோ வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும் என்று நினைத்தாள். சிவனணைந்தபெருமாள் உண்ட களிக்கு ஒரு கல்யாண வீட்டையே நடத்தியிருக்கலாம். உலகம்மை சட்டியையே நக்கினாள்.

கோமதி சட்டியைக் கழுவினாள். ஊரிலிருந்து கட்டி வந்த முறுக்கில் ஒரு கை எடுத்து உள்ளே போட்டு, அதே கொக்கியில் மாட்டினாள். அவள் பிறந்த வாசுதேவநல்லூரில் சட்டியை வெறுமனே திருப்பிக் கொடுப்பது முகத்தில் துப்புவதற்குச் சமம். ஒரு துண்டு வெல்லமாவது உள்ளே கிடக்க வேண்டும். வெறுஞ்சட்டி போனால் அந்த வீட்டோடு போக்குவரத்து முடிந்தது என்று அர்த்தம்.

காலையில் கொக்கி காலியாக இருந்தது.

மறுபடியும் சட்டி வந்தது. மறுபடியும் களி. அவள் எள்ளுருண்டை வைத்தாள். அடுத்த தடவை மிளகு வற்றல். யார் என்று கேட்டால் ஒவ்வொரு வீட்டிலும் “நாங்க இல்லம்மா” என்றார்கள். கூச்ச சுபாவக்காரி போலும் என்று கோமதி முடிவு கட்டிக்கொண்டாள். சட்டி மட்டும் எப்போதும் அடியில் ஈரமாக இருந்தது. குற்றாலத்தில் எதுதான் ஈரமில்லை?

ஆடி பிறந்ததும் மழை வலுத்தது. பஸ் நின்றது. வீட்டில் அரிசியும் புளியும் தவிர எதுவும் இல்லை. அன்று பார்த்துச் சட்டி வந்தது. கோமதி ஆட்டுரலில் கையை வைத்துக்கொண்டே குரல் கொடுத்தாள்.

“ஏட்டி உலகம்மை, அந்தச் சட்டியில எதையாவது போட்டு மாட்டு. வெறுமனே மாட்டிராத.”

“சரிம்மா.”

மறுநாள் விடிவதற்கு முன்பே கோமதிக்கு விழிப்பு வந்துவிட்டது.

சத்தம் இல்லை.

பதறிப்போய்ப் பிள்ளையைத் தொட்டாள். உலகம்மை சிரித்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். நெஞ்சு ஏறி இறங்கியது. இழுப்புத்தான் இல்லை. சிவனணைந்தபெருமாள் துள்ளிக் குதித்தார். மில்லில், பஸ்ஸில், முடிவெட்டும் கடையில் எல்லாம் சொன்னார். கேட்டவர்கள் அவரே அருவியைத் தோண்டினார் என்று நினைத்திருப்பார்கள்.

“பாத்தியா? இந்தக் காத்துக்கு முன்னால எந்த டாக்டர் நிப்பான்?”

கோமதியும் சிரித்தாள். ஆனால் அன்றிலிருந்து அவளால் தூங்க முடியவில்லை.

உலகம்மை சோற்றைத் தொடவில்லை. களி வந்தால் மட்டும் உண்டாள். அவள் உள்ளங்கை எப்போதும் தண்ணீரில் ஊறியது போலச் சுருங்கியே இருந்தது. அடுப்புப் பக்கம் உட்காரவைத்துத் துவட்டினாலும் தலைமுடி காயவில்லை. முடியில் நல்லெண்ணெயும் பாசியும் கலந்த ஒரு வாடை. நாள் முழுக்கப் பின்வாசல் படியில் உட்கார்ந்து ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மத்தியானம். மேகம் இறங்கி, வீடு விளக்கேற்றும் நேரம் போல இருண்டிருந்தது. பின்வாசலிலிருந்து பிள்ளையின் குரல் கேட்டது.

“அம்மா.”

கோமதி ஓடிப்போனாள். “என்னட்டி?”

உலகம்மை திரும்பவில்லை.

“உன்ன இல்ல.”

கோமதி மெதுவாகப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மகளை இழுத்து மடியில் போட்டு, அவள் நெஞ்சில் காதை வைத்தாள்.

மூச்சுச் சத்தம் இல்லை.

வெகு ஆழத்தில், பாறையில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

“அன்னிக்குச் சட்டியில என்னட்டி போட்ட?” கோமதி மெல்லக் கேட்டாள்.

“எதையாவது போடுன்னு நீதான சொன்ன. பல்லு விழுந்துச்சுல்லா. அதப் போட்டேன்.”

குடை எடுக்காமல், பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு கோமதி பலவேசத்தின் வீட்டுக்கு ஓடினாள். அவர் ஒரு தடவைதான் உலகம்மையைப் பார்த்தார். உடனே பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

“சட்டி வருதா?”

“யாரு சட்டி அது அண்ணாச்சி?”

“அந்த வீட்ல முந்தி ஒரு குடும்பம் இருந்தாவ. புள்ள ஓடையில போயிருச்சு. தாயிக்காரி களி கிண்டிக்கிட்டு அந்தப் படியிலயே நின்னா. பசிச்சா வந்துருவா, பசிச்சா வந்துருவான்னு. பெறகு அவளும் தண்ணியோட போயிட்டா.”

“இதச் சொல்லாம எப்படி எங்களக் குடி வச்சிய?”

பலவேசம் ஈரத் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

“வீடு பூட்டிக் கெடந்தா அவ ஊருக்குள்ள வாரா தாயி. வீடு வீடா தேடுதா. ஆளு இருந்தா அங்கனயே நின்னுக்கிடுதா. அதான் என்ன வாடகை கேட்டாலும் குடுத்துருவோம்.”

சாரலில் கணவரின் பெருமையெல்லாம் கரைந்து ஓடுவதைக் கோமதி பார்த்தாள்.

“எம் புள்ளய எப்படி மீட்க?”

“சட்டியக் கழுவித் தொடச்சு வெறுமனே மாட்டுங்க. ஒட்டுமில்ல, உறவுமில்லன்னு ஆயிரும். வேற வழி தெரியல.” பிறகு தயங்கி, “அவ கேப்பா. குடுத்துராதிய” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் கோமதி அன்று வந்திருந்த சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். துணியால் துடைத்தாள். வெறுஞ்சட்டியைக் கொக்கியில் மாட்டும்போது, பேய்ப் பயத்தைவிட வெட்கம்தான் பெரிதாக இருந்தது. கதவைத் தாழிட்டு, மகளை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

மழை நின்றது. அருவிச் சத்தம்கூடத் தள்ளிப் போனது போலிருந்தது.

படியில் ஈரக் கால் வைக்கும் சத்தம்.

சட்டியின் கைப்பிடி அசைந்தது. மூடி திறந்தது.

வெகுநேரம் ஒன்றுமில்லை.

பிறகு மூடி மெல்ல மூடியது. சட்டி கதவில் ஒரு தடவை இடித்தது. டிங். இன்னொரு தடவை. டிங். கதவின் அடியில் தண்ணீர் கசிந்து உள்ளே வந்தது. நல்லெண்ணெய் வாடை வீட்டை நிறைத்தது.

“போடும்மா,” உலகம்மை முனகினாள். “ஏதாவது போடும்மா. பாவம், வெறுங்கையோட நிக்கா.”

கோமதியின் கை தானாக மாடத்துக்குப் போனது. வெல்லத் துண்டை எடுத்தும்விட்டது. வாசலில் நின்ற எவளையும் அவள் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. பிறந்ததிலிருந்து அந்தக் கை படித்த படிப்பு அது.

வெளியே ஒரு பெண் குரல் கேட்டது. கோபமில்லை. மனம் நொந்த குரல். நல்ல குடும்பத்துக் குரல்.

“வெறுஞ்சட்டியாவா குடுக்கிய?”

கோமதி வெல்லத்தைத் தன் வாயில் போட்டுக் கடித்தாள். கண்ணீரும் இனிப்பும் ஒன்றாக இறங்கின.

“ஆமா. வெறுஞ்சட்டிதான்.”

சட்டி கொக்கியிலிருந்து விழுந்தது. படிகளில் உருண்டு ஓடையில் முங்கியது.

மடியில் கிடந்த உலகம்மை இருமினாள். மூச்சை இழுத்தாள். நெஞ்சுக்குள் மாவு மில் ஓடத் தொடங்கியது. மகளுக்கு இழுப்பு வந்ததற்காகச் சாமி கும்பிட்ட தாய் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

மறுநாளே வீட்டைப் பூட்டிச் சாவியைப் பலவேசத்திடம் கொடுத்தார்கள். அவர் சாவியை வாங்கிக்கொண்டு, பூட்டிய கதவையே பார்த்தபடி நின்றார்.

தென்காசி ரயிலடிப் பக்கம் ஒரு சின்ன வீடு அமைந்தது. மலை தெரியாது, கரிப்புகைதான் தெரியும். சிவனணைந்தபெருமாள் வாடகையை நினைத்து ரயில் கூவும்போதெல்லாம் கூடவே பெருமூச்சு விட்டார். ஆஸ்பத்திரி பக்கம். மருந்து கேட்டது. இழுப்பு குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. அந்தச் சத்தம் தாலாட்ட, கோமதி நிம்மதியாகத் தூங்கினாள். யார் வீட்டுச் சட்டியையும் வாங்கவில்லை. திமிர் பிடித்தவள் என்று தெரு பேசியது. பேசட்டும் என்று விட்டுவிட்டாள்.

பங்குனி வந்தது. ஒரு காலை வெயிலில் பக்கத்து வீட்டுச் சுகிர்தம் சிரித்துக்கொண்டே வந்தாள். கணவன் ரயில்வேக்காரன், கையில் எதுவும் இல்லாமல் யார் வீட்டுக்கும் போகாத பெண். இன்று வெறுங்கையோடு வந்திருந்தாள்.

“அக்கா, உங்க அக்கா எப்ப வந்தாவ? சொல்லவேயில்லையே.”

“எந்த அக்கா?”

“நேத்து எங்க பின்வாசலுக்கு வந்தாவல்லா, தலைக்குக் குளிச்ச ஈரத்தோட. ஒரு தூக்குச்சட்டி களி தந்தாவ. என்ன ருசி. ‘எங்க உலகம்மைக்கு உசுரு’ன்னாவ.”

கோமதி சுகிர்தத்தின் கையைப் பிடித்தாள்.

“சட்டி எங்க சுகிர்தம்?”

“இப்பத்தான் வந்து வாங்கிட்டுப் போறாவ. உங்க வீட்டுச் சட்டிய வெறுமனே குடுப்பனா? முந்திரிக்கொத்து வச்சிருக்கேன். ‘புள்ளைக்குக் குடுங்க’ன்னு உலகம்மை பேரச் சொல்லித்தான் வச்சேன். ஏன்க்கா, என்ன செய்யுது?”

உள்அறையில் உலகம்மை படுத்திருந்தாள். அவள் இழுப்புச் சத்தம் இவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டிருந்தது.

நின்றது.

கோமதி உள்ளே போனாள். மகள் கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தாள். தலையணை நனைந்திருந்தது. கோமதி குனிந்து அந்தச் சின்ன நெஞ்சில் காதை வைத்தாள்.

அது பங்குனி மாதம். குற்றாலத்துப் பாறையில் குருவி குடிக்கக்கூடத் தண்ணீர் இல்லை.

காதுக்குள் அருவி கொட்டியது.