தள்ளிப் படுக்காத ஆவுடையப்பன்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். கற்பூரத்தை ஏற்றி உள்ளங்கையால் அணைக்கச் சொன்னாலும் அணைக்கலாம். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. அறைகளின் நீள அகலம் வரும் இடங்களில் மட்டும், கேட்கிறவர் நம்ப வேண்டுமே என்பதற்காகக் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கிறது. உண்மையில் அவை இன்னும் சிறியவை.

எழும்பூர் சௌகரிய பவனில் ஏழாம் எண் அறையின் கதவை ஆவுடையப்பன் தள்ளியபோது, அது கால்வாசி திறந்து கட்டிலில் இடித்து நின்றது.

"வயித்த நல்லா எக்கிக்கினு உள்ள போ சார்" என்றாள் வரவேற்பில் இருக்கும் கஸ்தூரி. சாவி கொடுக்க வந்தவள், பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து வழி காட்டினாள். "போன வாரம் ஒருத்தரு மூச்ச உட்டுக்கினே போயி நடுவுல மாட்டிக்கினாரு. சோப்பு போட்டுத்தான் எடுத்தோம்."

"சட்டை எங்கம்மா மாத்தணும்?"

"வராண்டாலதான். காலைல வந்து பாரு, அம்புட்டு ஆம்பளயும் பனியனோட வரிசையா நிப்பாங்க. பொம்பளைங்களுக்கு நாலாவது மாடி வராண்டா."

உள்ளே கட்டில் இருந்தது. கட்டிலைத் தவிர வேறு எதுவும் இல்லை, இருக்க இடமும் இல்லை. ஒரு சுவரில் உள்ளங்கை அகல ஜன்னல், இன்னொன்றில் ஒரு கண்ணாடி. அது மூக்குக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்ததால், ஒரு நேரத்தில் ஒரு கண்ணைத்தான் பார்த்துக்கொள்ள முடிந்தது. புரண்டு படுக்க வேண்டுமானால் எழுந்து வெளியே போய், வராண்டாவில் திரும்பிக்கொண்டு, மறுபடி உள்ளே வந்து படுக்க வேண்டும். அனுபவப்பட்ட தனியாட்கள் அப்படித்தான் செய்தார்கள்.

ஆவுடையப்பன் கோவில்பட்டிக்காரர். கடலை மிட்டாய்க்கு ஆர்டர் பிடிக்க மாதாமாதம் சென்னைக்கு வருகிறவர். ஆனால் இந்த முறை அவர் பெட்டியில் மிட்டாய் இல்லை. பழி தீர்க்க வந்திருந்தார். அந்த விடுதியின் எட்டு மாடியும் அவர் எதிரிக்குச் சொந்தம். உச்சி மாடியில் அந்த எதிரியே குடியிருந்தார்.

எதிரியின் பெயர் மாசிலாமணி. நகர்சுவரைக் கண்டுபிடித்தவர்.

சென்னையில் ஒரு செங்கல் வைக்கக்கூட நிலம் இல்லாமல் போன காலத்தில் வந்தது நகர்சுவர். ஒரு விடுதியின் மொத்த இடம் கூடாது, குறையாது. ஆனால் உள்ளே இருக்கும் சுவர்கள் நகரும், கூரையும் தரையும்கூட நகரும். ஒருவரிடமிருந்து எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்கும். எடுப்பதற்கு முன்னால் சுவர் மரியாதையாகக் கேட்கும்: "கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?" கேட்டபின் பத்து எண்ணுவதற்குள் ஆள் ஒரு விரற்கடை அசைந்தாலும் கட்டிலுக்கு அடியில் இருக்கும் அசைவுணரி அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளும். சுவர் ஒரு சாண் உள்ளே வரும்.

நம் ஊரில் இது எவ்வளவு நன்றாக வேலை செய்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மூன்று பேர் சீட்டில் நான்காவது ஆள் வந்து நின்றாலே, அவர் வாயைத் திறப்பதற்குள் இடுப்பு தானாக ஒதுங்கும் ஜனம் இது. தூக்கத்தில் கேட்டாலும் ஒதுங்கினார்கள். அதுவும் குடும்பத்தோடு வந்தவர்களாவது எப்போதாவது கூடிப் பேசி முணுமுணுத்தார்கள். தனியாக வந்தவர் யாரிடம் முணுமுணுப்பார்? சென்னையின் தனியாட்கள் எல்லாரும் ஒரு சாண், ஒரு சாணாகக் கொடுத்துக்கொண்டே சவப்பெட்டி அளவுக்கு வந்துசேர்ந்தார்கள்.

சௌகரிய பவனில் அப்படிச் சேர்ந்த இடமெல்லாம் உச்சி மாடிக்குப் போனது. மாசிலாமணியின் படுக்கையறையில் ஒரு மாமரம் காய்த்தது. கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போக அவர் ஆட்டோ வைத்திருந்தார். ஆட்டோக்காரர் சில நாள் சுற்றுவழியில் போனதாகக்கூடப் புகார் உண்டு.

இனி பகை.

வாலிபத்தில் மாசிலாமணியும் ஆவுடையப்பனும் திருவல்லிக்கேணியில் ஒரே அறையில் தங்கியிருந்தார்கள். முன்னவர் இயந்திரவியல் படித்தார், பின்னவர் வேலை தேடினார். "ஏல, கொஞ்சம் தள்ளிப் படுல" என்பார் மாசிலாமணி. ஆவுடையப்பன் தள்ளிப் படுப்பார். மறுபடி கேட்பார், மறுபடி தள்ளிப் படுப்பார். கடைசியில் ஜன்னல் கட்டையில் படுத்து, ஒரு காலைத் தெருவில் தொங்கவிட்டுத் தூங்கினார். வேர்க்குருவுக்கு நல்லது என்று சொல்லி மாசிலாமணி அவர் முதுகில் ஏதோ பொட்டுப் பொட்டாக ஒட்டிவிட்டார். வேர்க்குரு போகவில்லை. எந்தக் குரலில், எந்த இழுவையில் கேட்டால் ஒரு மனிதன் மறுக்காமல் நகர்வான் என்பதை அந்தப் பொட்டுகள் அளந்துகொண்டிருந்தன.

இது ஆவுடையப்பனுக்குத் தெரியவந்தது கோவில்பட்டி டீக்கடையில், ஊரே பார்த்துக்கொண்டிருந்த காற்றுத்திரையில். மாசிலாமணி பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். "எங்கூட ஒருத்தன் இருந்தான். ஆவுடைன்னு பேரு. கேட்டா நகருவான். திருப்பிக் கேட்டா திருப்பி நகருவான். அவன அளந்துதான் இந்த மிஷினே செஞ்சேன்" என்று சொல்லிவிட்டு, தொடையில் தட்டிச் சிரித்தார்.

டீக்கடையும் சிரித்தது. அந்த வாரம் ஆவுடையப்பனுக்கு நிச்சயம் ஆவதாக இருந்தது. பெண்ணின் அப்பா வந்து தாம்பூலத் தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

"நீரு நல்ல மனுசந்தான். நான் இல்லேங்கல" என்றார் அவர். "ஆனா நாளைக்கு எவனாச்சும் வந்து, 'ஓய், ஒம்ம பொண்டாட்டி பக்கத்துல இருந்து கொஞ்சம் தள்ளிக்கிடும்'னு சொன்னா, தள்ளிக்கிடுவீரே!"

அன்றிலிருந்து ஆவுடையப்பனுக்குச் சோறு இறங்கும்போதெல்லாம் அந்தத் தொடைத் தட்டல் காதில் கேட்டது. ஊரில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டு, "கொஞ்சம் தள்ளிக்கிடும்" என்றே கூப்பிட்டார்கள். அவர் தலை நரைத்தது, பகை நரைக்கவில்லை. மாசிலாமணியை அடிக்க வேண்டும், கடிக்க வேண்டும் என்றெல்லாம் அவர் நினைக்கவில்லை. அந்த ஆள் ஒரே ஒரு முறை தன்னிடம் இடம் கேட்க வேண்டும், தான் நகரக்கூடாது. அவ்வளவுதான். அதற்கு வழி தெரியாமல் வருஷங்கள் போயின.

வழியைக் காட்டியது ஒரு கெண்டைக்கால். வேறொரு விடுதியில் சுவர் கேட்டபோது ஆவுடையப்பனுக்குக் காலில் சதை பிடித்துக்கொண்டது. நகரத்தான் நினைத்தார், முடியவில்லை. சுவர் பத்து எண்ணிவிட்டு, "மன்னிக்கணும். உங்களுக்குத் தேவை இருக்கு போல" என்று சொல்லி, ஒரு சாண் பின்னால் போனது.

ஆவுடையப்பன் வலியை மறந்து சுவரைப் பார்த்தார். மறுத்தால் கிடைக்கும்! நகராதவருக்கு, அதிக இடம் வைத்திருப்பவரிடமிருந்து ஒரு சாண் எடுத்துத் தர வேண்டும் என்று ஒரு விதி உள்ளே இருந்திருக்கிறது. அரசாங்க அனுமதி வாங்குவதற்காக மாசிலாமணி எழுதி வைத்த விதி அது. எந்தத் தமிழனும் அதைப் பயன்படுத்தப்போவதில்லை என்ற தைரியத்தில் எழுதியது.

ஊருக்குத் திரும்பியதும் ஆவுடையப்பன் பயிற்சியில் இறங்கினார். கோவில்பட்டிக்கும் கழுகுமலைக்கும் நடுவே டவுன் பஸ்ஸில், மூன்று பேர் சீட்டின் ஓரத்தில் உட்கார்ந்து, நகராமல் வந்தார். முதல் நாள் இடுப்பு அவர் பேச்சைக் கேட்காமல் தானாக ஒதுங்கியது. வீட்டுக்கு வந்து அதைத் திட்டினார். பிறகு மெல்ல மெல்ல வசப்பட்டது.

"ஏ அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளுங்க."

ஆவுடையப்பன் கண்ணைக்கூடத் திருப்பவில்லை.

"ஒக்காந்திருக்கது மனுசனா, மைல்கல்லா? மேல கிலோமீட்டரு போட்டிருக்கான்னு பாருங்கடே!"

கூடைக்காரி ஒருத்தி அவர் மடியிலேயே உட்கார்ந்தாள். அவர் அசையவில்லை. கழுகுமலை வரை அங்கேயே உட்கார்ந்து, வெற்றிலை போட்டு, பேரன் கதையெல்லாம் சொல்லி இறங்கினாள். கண்டக்டர் அவரை இறக்கிவிடப் பார்த்தார், முடியவில்லை. கடைசியில் அந்த வழித்தடத்தில் அவருக்குச் சந்தனப் பொட்டு வைத்துப் பூப்போட ஆரம்பித்துவிட்டார்கள். அப்போதுதான் தயார் என்று அவருக்குத் தோன்றியது. சென்னைக்கு ரயில் ஏறினார்.

ஏழாம் எண் அறையில் அவர் மல்லாந்து படுத்து, கைகளை விலாவோடு சேர்த்து வைத்துக்கொண்டார். மத்தியானச் சாப்பாட்டு நேரம். பக்கவாட்டுச் சுவர் முதலில் கேட்டது.

"கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?"

அந்தக் குரலின் கடைசி இழுவையில் திருவல்லிக்கேணி ஜன்னல் கட்டை இருந்தது. தோள் ஒதுங்கத் துடித்தது. ஆவுடையப்பன் பல்லைக் கடித்துப் பத்து எண்ணினார்.

"மன்னிக்கணும்" என்று சுவர் பின்வாங்கியது.

கால்மாட்டுச் சுவர் கேட்டது, பின்வாங்கியது. கூரை கேட்டது, ஏறியது. கண்ணாடியில் அவருக்கு இரண்டு கண்ணும் சேர்ந்து தெரிந்தது. பிறகு முகம் தெரிந்தது. பிறகு கண்ணாடியே தெரியாத தூரத்துக்குப் போய்விட்டது.

மேலே மாசிலாமணி சாப்பிட்டுவிட்டு மாமர நிழலில் கண்ணயர்ந்திருந்தார். அவர் அறைச் சுவர்களும் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் அவரும் நகராமல் மறுத்திருக்கலாம். ஆனால் தன்னிடம் யாரும் எதையும் கேட்பது அவருக்குப் பிடிக்காது. அதனால் தன் அறையில் மட்டும் அந்தக் குரலைப் பிடுங்கிப் போட்டிருந்தார். கேள்வி இல்லாத இடத்தில் மறுப்பும் இல்லை. சுவர்கள் சத்தமில்லாமல் வந்தன. மாமரம் ஜன்னல் வழியாகத் தெருவில் போய் விழுந்தது, காய்களோடு. ஆட்டோ தகடாயிற்று, நல்லவேளையாக ஓட்டுநர் டீ குடிக்கப் போயிருந்தார். மாசிலாமணி விழித்தபோது மூக்கு நுனியில் சுவர் இருந்தது.

கீழே ஏழாம் எண் அறை எட்டு மாடி உயரத்துக்கு வளர்ந்திருந்தது. மற்ற தனியாட்களிடம் எடுப்பதற்கு ஒன்றுமில்லாததால் சுவர்கள் அவர்களைத் தொடவில்லை. மறுக்க வழியில்லாத மாசிலாமணியின் அறை மட்டும் இறங்கி இறங்கி, ஒரு பொந்தாகி, ஆவுடையப்பனின் தலைமாட்டுச் சுவருக்குப் பின்னால் வந்து நின்றது.

அந்தச் சுவர் இதமாகச் சொன்னது: "பக்கத்து அறையில் ஒருவர் சிரமப்படுகிறார். கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?"

ஆவுடையப்பனின் கண்ணோரத்தில் நீர் கோத்தது. இதற்காகத்தான் அவர் இத்தனை காலம் உயிரோடு இருந்தார்.

சுவருக்குப் பின்னாலிருந்து நெரிந்த குரல் வந்தது. "யாருய்யா அது நகராம கெடக்குறது? இது என் கட்டடம்!"

"ஆவுடை" என்றார் இவர், உதடு அசையாமல்.

 குரல் தணிந்து, ஊர்ப் பேச்சுக்கு இறங்கியது.

"ஏல... நம்ம ஆவுடையா? நாந்தாம்ல, மாசிலா. மூச்சு முட்டுதுல. ஒரு சாண். ஒரே ஒரு சாண் தள்ளிக்கிடு."

"முன்ன ஒருக்கா கேட்ட. ஜன்னல் கட்டையில போய்ப் படுத்தேன்."

"அது சின்ன வயசுல. வெளையாட்டு."

"தொடையில தட்டிச் சிரிச்சியே, அது எந்த வயசு?"

"ஆவுடை, ஒன் கால்ல விழுதேன்."

"விழறதுக்கு அங்க எடம் இருக்கா?"

சுவர் பத்து எண்ணி முடித்தது. "மன்னிக்கணும்" என்றது. பற்பசைக் குழாயை மிதித்தால் என்ன ஆகுமோ, அது ஆயிற்று. காற்றுப்போக்கி வழியாகத் தலை முதலில் வந்து, உடம்பு பிறகு வந்து, மாசிலாமணி விடுதி இருக்கும் கென்னத் லேன் முனையில், தம்முடைய மாமரத்தின் மேலேயே விழுந்தார். எலும்பு முறியவில்லை. இடம்தான் போயிற்று.

கஸ்தூரி கதவைத் திறந்தாள். இப்போது அது முழுதாகத் திறந்தது. உள்ளே வந்தவள் அண்ணாந்து பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டாள். கூரைக்குக் கீழே புறாக்கள் கூட்டமாக வட்டமடித்தன. நடுவில் ஒரு கட்டில். கட்டிலில் ஒரு மனிதர்.

"சார், ஜெயிச்சிட்ட சார்! எந்திரிச்சு வா, ஒரு டீ சாப்டலாம்."

"கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?" என்றது கால்மாட்டுச் சுவர். அது எண்ணி முடிப்பதற்குள் கூரை கேட்டது. கூரை முடிப்பதற்குள் இடது பக்கம். அதிக இடம் வைத்திருப்பவரிடம்தானே அதிகம் கேட்க வேண்டும்! இப்போது எட்டு மாடியின் அத்தனை சுவர்களுக்கும் கேட்பதற்கு அவர் ஒருத்தர்தான் இருந்தார். ஒரு கேள்விக்கும் அடுத்த கேள்விக்கும் நடுவே ஒரு கண் சிமிட்டலுக்குக்கூட இடைவெளி இல்லை.

"எந்திரிச்சா என்னம்மா ஆகும்?"

கஸ்தூரி யோசித்தாள். "எந்திரிச்சா... எல்லாம் திரும்ப ஓனருக்கே பூடும் சார்."

"அப்போ டீய இங்க கொண்டா. உறிஞ்சுறதுக்குக் குழல் போட்டு."

தெருவின் எதிர்ப்பக்கம், டீக்கடை பெஞ்சில் மாசிலாமணி உட்கார்ந்தார். பழைய ஏழாம் எண் அறையின் ஜன்னல், இப்போது கோயில் கதவு அளவுக்கு வளர்ந்து, அவருக்கு நேரே திறந்திருந்தது. கட்டிலும் அதன் மேல் ஒரு மூக்கும் நன்றாகத் தெரிந்தன. அவர் டீக்கடைக்காரரிடம் கேட்டார்: "வீட்டுல வரமிளகாய் இருக்கா? ஒரு கிலோ. கருக வறுக்கணும்."

காற்று ஜன்னல் பக்கமாக வீசியது. உள்ளே, முற்றத்தைப் போல விரிந்து கிடந்த அறையில், ஒரு கொசு நிதானமாகச் சுற்றி வந்தது. அவ்வளவு இடம் இருந்தும் அது ஆவுடையப்பனின் மூக்கு நுனியைத்தான் தேர்ந்தெடுத்தது. வறுத்த மிளகாயின் நெடி வந்து சேர்ந்தது. கண் எரிந்தது. தும்மல் ஒன்று புறப்பட்டு, மூக்கின் பாதி வழியில் வந்து நின்றது. ஆவுடையப்பன் அதையும் நகரவிடவில்லை. எதிர்ப்பக்கத்தில் மாசிலாமணி இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். இவரும் அவரை இமைக்காமல் பார்த்தார். இமைப்பதையும் அசைவுணரி அசைவாக எடுத்துக்கொள்ளுமா என்று இருவருக்குமே தெரியவில்லை.

"கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?" என்றது சுவர்.

இவ்வளவும் நடந்தது வருகிற 2097ஆம் வருஷம், ஆவணி மாதம்.